பையன் கையிலயும் விளக்குமாறு கொடுங்க

குழந்தைக்கு வீட்டு வேலை பழக்க சார்ட் எதுக்குங்க?

படப்பை பக்கம் புதுசா வந்திருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்குக் கீரையும் கத்திரிக்காயும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவுல கட்டம் போட்ட தாளை நிறைய வீட்டுல பார்க்கிறேன். சாப்பிட்ட தட்டை எடுத்து வெச்சா ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேர்ந்தா ஐஸ்கிரீம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தான் தின்ன தட்டைத் தான் எடுக்கிறதுக்குக் கூலி வாங்கிப் பழகின பிள்ளை, நாளைக்கு ஐஸ்கிரீம் இல்லன்னா தட்டை எடுக்குமா?

கிராமத்துல இந்தச் சார்ட் எல்லாம் இல்லன்னு நாங்க பெருமைப்பட்டுக்கவும் ஒண்ணுமில்ல. எங்க பக்கம் பொம்பளைப் பிள்ளைதான் சார்ட். எட்டு வயசுல அவ வாசல் தெளிச்சு, பாத்திரம் தேய்ச்சு, தம்பிக்குத் தலை சீவிவிட்டு, கடைசியில தன் பையைத் தேடிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடுவா. பத்து வயசு அண்ணன் டிவி முன்னாடி உக்காந்துகிட்டு "தண்ணி எட்தா"ன்னு கத்துவான். இதைப் போட்டோ எடுத்து "கிராமத்துப் பிள்ளைங்க எவ்வளவு பொறுப்பு பாருங்க"ன்னு போடறவங்களும் நம்ம சென்னைக்காரங்கதான். அதுல இருக்கிறது பொறுப்பு இல்லங்க, ஓரவஞ்சனை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இந்த விஷயம் இப்ப ரொம்ப அவசரமாயிடுச்சு. முன்னெல்லாம் அம்மா கழனியில இருந்தா, பிள்ளையும் வரப்புல இருக்கும். அவங்க கடலை ஆய்ஞ்சா இது பக்கத்துல உக்காந்து பத்து செடி ஆயும். அவங்க முறத்துல புடைச்சா இது கல்லு பொறுக்கும். யாரும் வேலை "ஒதுக்கல". கூடவே இருந்ததால கை தானா பழகுச்சு. 1996-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா வந்து, இன்னைக்குச் சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் எல்லாம் கம்பெனிதான். விடியறதுக்கு முன்னாடி வேன் வந்து நிக்குது. அம்மா ஏ ஷிப்ட், அப்பா நைட் ஷிப்ட். வேலை செய்யற பெரியவங்க பக்கத்துல பிள்ளை இல்ல. வேலை மட்டும் அப்படியே வீட்டுல கிடக்குது. கிடக்கிற வேலை யார் தலையில விழும்? மூத்த பொண்ணு தலையிலதான். அம்மா ஷிப்டுக்குப் போனா மக அம்மாவாயிடறா.

யுனிசெஃப் 2016-ல ஒரு கணக்குச் சொல்லுச்சு. உலகம் முழுக்க 5 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பெண் பிள்ளைங்க, அதே வயசுப் பையன்களைவிட 40 சதவீதம் கூடுதல் நேரம் வீட்டு வேலையிலயும் தண்ணி, விறகு கொண்டாறதுலயும் செலவழிக்கிறாங்க. வளர்ந்தப்புறம் என்ன ஆகுதுன்னு நம்ம நாட்டோட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. 2024-ல, வீட்டு வேலை செஞ்சதாச் சொன்னவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம். அந்த 88-ம் ஏதாவது செஞ்ச ஆம்பளைங்களோட கணக்குதான். எதையும் தொடாதவன் அதுல சேர்த்தியே இல்ல.

இது ஏதோ வீட்டுக்குள்ள நடக்கிற சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் விசாரிச்சு ஒரு செய்தி போட்டுச்சு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காம ஒதுக்குறாங்க, அவங்களுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம்ங்கறது அதுக்குச் சொல்ற காரணத்துல ஒண்ணுன்னு. அப்படிப் பாகுபாடு இல்லன்னு கம்பெனி மறுத்துச்சு. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசுகிட்ட அறிக்கை கேட்டுச்சு. அந்த வழக்கு எப்படியோ போகட்டும். அந்தக் காரணத்தைக் கொஞ்சம் யோசிங்க. கல்யாணமான ஆம்பளையைப் பார்த்து "உனக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கே, லீவு போடுவியே"ன்னு எவனாவது கேட்பானா? கேட்க மாட்டான். அவனுக்கு வீட்டுல வேலையே இல்லன்னு ஊருக்கே தெரியும். பத்து வயசுல "தண்ணி எட்தா"ன்னு கத்தினவன்தான் இருபத்தெட்டு வயசுல பொண்டாட்டியோட வேலைக்கு உலை வைக்கிறான். கம்பெனி கேட்ல யாரை உள்ள விடறதுங்கறதுல, நம்ம வீட்டு விளக்குமாறு யார் கையில இருக்குங்கறதுக்கும் பங்கு இருக்கு.

"படிக்கிற பிள்ளைங்க, வேலை எதுக்கு"ன்னு சொல்லுவீங்க. நியாயமான கவலைதான். தமிழ்நாட்டுல பிள்ளைங்களை வேலை செய்யச் சொன்னா உடனே 1953 ஞாபகம் வரும், வரணும். ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகுன்னு சொல்லுச்சு. குலக்கல்வின்னு பெரியாரும் திமுகவும் எதிர்த்தாங்க, 1954-ல காமராஜர் அதைத் தூக்கிப் போட்டார். தூக்கிப் போட்டதாலதான் என்னை மாதிரி ஆளுங்க வீட்டுல இன்னைக்குப் படிச்சவங்க இருக்காங்க. நான் சொல்றது அதுக்கு நேர் எதிர். அந்தத் திட்டம் எந்த வீட்டுல பொறந்தியோ அந்த வேலைக்கு உன்னைக் கட்டிப் போட்டுச்சு. வீட்டு வேலையைப் பொண்ணுக்கு மட்டும் பழக்கறதும் அதே குலக்கல்விதான். பொறப்பைப் பார்த்துத்தானே வேலை கொடுக்கிறோம்? அதை உடைக்கணும்னா பையன் கையிலயும் பாத்திரம் இருக்கணும்.

பள்ளிக்கூடத்துலயும் இந்தப் பொறப்பு பார்க்கிற புத்தி போகல. 2022-ல ஈரோடு மாவட்டத்துல ஒரு பள்ளியில பட்டியல் சாதிப் பிள்ளைங்களைக் கழிப்பறை கழுவ வெச்சதுக்காகத் தலைமையாசிரியை கைதானாங்க. ஜப்பான்ல எல்லாப் பிள்ளையும் சேர்ந்து தன் வகுப்பைக் கூட்டுது, அதுல அவமானம் இல்ல. ஆள் பார்த்து விளக்குமாறைக் கொடுக்கிறப்பத்தான் அது அவமானம் ஆகுது.

எல்லை எதுன்னும் சொல்லிடறேன். 5-லிருந்து 14 வயசுப் பிள்ளை வாரத்துக்கு 21 மணி நேரமோ அதுக்கு மேலயோ வீட்டு வேலை செஞ்சா, யுனிசெஃப் அதையும் குழந்தை உழைப்புக் கணக்குலதான் சேர்க்குது. காலையில ஒன்றரை மணி, சாயங்காலம் ஒன்றரை மணி, ஏழு நாளுக்குப் போட்டுப் பாருங்க. சரியா 21. எங்க தெருவுல அந்தக் கணக்கைத் தாண்டுற பொண்ணுங்க இருக்காங்க. 2016-ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக குடும்பத்துக்கு உதவலாம்னு விட்டுவெச்சிருக்கு. அந்த ஓட்டை வழியா எவ்வளவு வேணா ஏத்தலாம். அதனால அளவு நம்ம மனசுல இருக்கணும். ஸ்கூல், விளையாட்டு, தூக்கம் மூணுக்கும் கை வைக்காத வேலைதான் பிள்ளைக்கான வேலை.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? எங்க வீட்டு வழக்கத்தைச் சொல்றேன்.

மூணு வயசுல கழட்டின செருப்பை ஓரமா வைக்கிறது, வெங்காயத்தைக் கூடையில போடுறது. அஞ்சு வயசுல கீரை ஆயறது, கோழிக்குத் தண்ணி வைக்கிறது, தன் துணியை மடிக்கிறது. ஏழு வயசுல தன் தட்டைக் கழுவறது, வாசல் கூட்டறது, சாயங்காலம் கோழியைப் பஞ்சாரத்துல கவுக்கிறது. பத்து வயசுல அரிசி களைஞ்சு, தண்ணி அளவு பார்த்து வைக்கத் தெரியணும். அடுப்பைப் பெரியவங்க பத்த வைக்கட்டும். பூச்சி மருந்து, மோட்டார் சுவிட்ச், கிணத்தடி, அரிவாள் இதுக்கெல்லாம் பிள்ளையைக் கூப்பிடவே கூடாது. நாங்க சின்ன வயசுல கடைக்கு ஓடினோம்ங்கறதுக்காக, கன்டெய்னர் லாரி பறக்கிற சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டைத் தாண்டி இப்ப எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீங்க.

விளக்குமாறு பிள்ளை உயரத்துக்கு இருக்கணும், தட்டு எட்டற இடத்துல இருக்கணும். ஒரு வேலையைக் கொடுத்தா முழுசாக் கொடுங்க. "அம்மாவுக்கு உதவி பண்ணு"ன்னு சொல்லாதீங்க. உதவின்னு சொன்னதுமே அந்த வேலை அம்மாவோடதுன்னு ஆயிடுது. அவன் கூட்டின இடத்தை அவன் கண்ணு முன்னாடி மறுபடி கூட்டாதீங்க. தண்டனையா வேலை கொடுக்காதீங்க. முக்கியமா, அப்பன் உக்காந்துகிட்டு மகனுக்கு வேலை சொன்னா அது ஓடாது. அப்பன் பாத்திரம் தேய்க்கிற வீட்டுல சார்ட் தேவைப்படாது.

காசும் ஸ்டாரும் வேணாம்னு நான் அனுபவத்துல சொல்றேன், ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்லுது. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தொமாசெல்லோன்னு ரெண்டு பேர் 2006-ல பார்த்தாங்க, ஒன்றரை வயசுக் குழந்தை யாரும் கேக்காமலேயே கீழ விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்குது. 2008-ல பார்த்தாங்க, பரிசு வாங்கிப் பழகின குழந்தைங்க அப்புறம் பரிசு இல்லாதப்ப உதவறது குறைஞ்சுபோச்சு. கைவேலைக்கு ஓடி வர்ற ஆசை பிள்ளைக்குப் பொறக்கும்போதே இருக்கு. "போ, கெடுத்துடுவ"ன்னு ரெண்டு வயசுல விரட்டிட்டு, பத்து வயசுல ஐஸ்கிரீம் காட்டிக் கூப்பிடறோம்.

2022 செப்டம்பர்ல முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தப்ப, பிள்ளைக்குச் சோறு கிடைச்சுதுன்னு எல்லாரும் பேசினாங்க. தம்பிக்கு இட்லி ஊத்திட்டு லேட்டா ஸ்கூலுக்குப் போன அக்காக்களுக்கும் அது விடுதலைதான். அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு அடுப்பை வாங்கிக்கிச்சு. மீதி வீட்டுக்குள்ள இருக்கு. அதுக்கு எந்தத் திட்டமும் வராது. இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் உங்க பையனைக் கூப்பிட்டு அவன் தட்டைக் கழுவச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு உங்க தட்டை நீங்க கழுவுங்க.