பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சினால் போதுமா? புதிய கலைத்திட்டமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும்



"2027 கலைத்திட்டம்" என்ற பேச்சை இந்நேரம் வானொலியிலோ பள்ளியின் வாட்ஸ்அப் குழுவிலோ கேட்டிருப்பீர்கள். பாலர் பள்ளியில் 2026-இலும், முதலாம் ஆண்டிலும் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவத்திலும் 2027-இலும் புதிய கலைத்திட்டம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. 1983-இல் கேபிஎஸ்ஆர் வந்தது. 2011-இல் கேஎஸ்எஸ்ஆர் வந்தது. இப்போது அடுத்தது.

ஒவ்வொரு முறையும் நம் சமுதாயத்தில் ஒரே நாடகம்தான். தலைவர்கள் வரவேற்று அறிக்கை விடுவார்கள். யாராவது ஒருவர் பத்து கணினி கொடுத்து மாலை போட்டுக்கொண்டு பத்திரிகையில் படம் போடுவார். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். எந்தப் பாடம் எந்த மொழியில், வாரத்துக்கு எத்தனை நிமிடம், யார் முடிவு செய்தது என்று கேட்க மட்டும் ஆள் இருக்காது!

தமிழ்ப்பள்ளிக்கு ஆபத்து என்றவுடன் நம் கண்முன் வருவது என்ன? தோட்டம் விற்கப்பட்டு, பள்ளிக்கூடம் உடைபட்டு, பிள்ளைகள் கொள்கலன் அறைகளில் படிக்கும் காட்சிதான். அந்த ஆபத்து உண்மையானது, அதற்காகப் போராடியவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஒரு பள்ளியை இடிக்காமல், மூடாமல், பெயர்ப்பலகையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதைத் தமிழ்ப்பள்ளி இல்லாமல் ஆக்க முடியும். கலைத்திட்டத்தின் வழியாக அதைச் செய்யலாம். நம் நாட்டில் ஒரு தடவை அப்படி நடந்தும் இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1996 கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தேசியக் கல்வி முறையில் தேசிய மொழியே பிரதான போதனா மொழி என்கிறது. ஆனால் 28-ஆவது பிரிவின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய வகைப் பள்ளிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கில்தான் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. அரசியலமைப்புச் சட்டத்தின் 152-ஆவது விதி, எந்த மொழியையும் கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. இதை வைத்துச் சில இயக்கங்கள் வழக்குப் போட்டன. "தமிழைக் கற்பிக்கலாம், ஆனால் தமிழில் கற்பிக்கக்கூடாது" என்பதுதான் அவர்களுடைய வாதம். 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நம் பக்கமே தீர்ப்பளித்தது. 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையீடு செய்ய அனுமதி தரவில்லை. மகிழ்ச்சிதான், பட்டாசு கொளுத்தலாம்.

ஆனால் ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் அடுத்த பிரிவையும் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. 18-ஆவது பிரிவின்படி தேசியக் கலைத்திட்டத்தை நிர்ணயிப்பவர் அமைச்சர். தமிழ்ப்பள்ளிக்கும் அதே கலைத்திட்டம்தான். சட்டம் நமக்குத் தருவது "பிரதான போதனா மொழி" என்ற சொல்லை. எத்தனை பாடம், எத்தனை நிமிடம் என்று அது சொல்வதில்லை. ஆகவே நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தாமலேயே தமிழில் நடக்கும் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். நீதிமன்றம் பள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்தது. பாட அட்டவணைக்குக் காவல் யார்?

2003-ஐ நினைத்துப் பாருங்கள். அறிவியலும் கணிதமும் இனி ஆங்கிலத்தில் என்று மகாதீர் அரசாங்கம் முடிவு செய்தது. பிபிஎஸ்எம்ஐ என்று அதற்குப் பெயர். அதுவரை நம் பிள்ளைகள் கூட்டல் கழித்தலையும் செடி கொடியையும் தமிழில்தான் படித்தார்கள். அந்த ஆண்டு முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளைக்கு இரண்டு பாடமும் முழுக்க ஆங்கிலத்துக்குப் போனது. சீனப்பள்ளியில் அப்படி நடக்கவில்லை. அவர்களுடைய பள்ளி வாரியங்களும் ஆசிரியர் சங்கங்களும் எழுந்து நின்றன. அரசாங்கத்தில் இருந்த சீனக் கட்சிகளால் தங்கள் மக்கள் முகத்தில் விழிக்க முடியாத நிலை. கடைசியில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் சேர்த்து நடத்தும் சமரசம் பிறந்தது. அதுவும் போதாது என்றுதான் அவர்கள் சொன்னார்கள்! நம் தரப்பில் தமிழ் இயக்கங்கள் சில எதிர்ப்புக் குரல் எழுப்பின. அரசாங்கத்தில் நம்மைப் பிரதிநிதித்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரே நாடு, ஒரே அமைச்சு, ஒரே சட்டப் பிரிவு. சீனப்பள்ளிக்கு ஒரு முடிவு, தமிழ்ப்பள்ளிக்கு வேறொரு முடிவு.

அந்தத் திட்டம் எப்படி நின்றது என்பதும் நமக்குப் பாடம்தான். 2009 மார்ச்சில் கோலாலம்பூரில் எழுத்தாளர் ஏ. சமாட் சைட் போன்றவர்கள் முன்னின்று ஆயிரக்கணக்கானோர் பேரணியாகச் சென்றார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. பெரும்பாலும் மலாய்மொழிக்காகத் திரண்ட கூட்டம் அது. அதே ஆண்டு ஜூலையில் திட்டத்தைக் கைவிட அமைச்சரவை முடிவெடுத்தது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் அறிவியல் திரும்பக் கிடைத்தது அந்தக் கூட்டத்தின் புண்ணியத்தால்!

"அப்படியானால் ஆங்கிலம் வேண்டாமா? என் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா?" என்று ஒரு தாய் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆங்கிலம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆங்கிலப் பாடத்துக்கு நல்ல ஆசிரியரைக் கொடு என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசாத ஒரு லாரி ஓட்டுநரின் மகளுக்கு, கணக்கும் புரியாத மொழியில், அறிவியலும் புரியாத மொழியில் என்றால் அவள் இழப்பது மூன்று பாடம். வசதியானவர்கள் டியூஷன் வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். நம்மால் முடியுமா?

நாம் எழுந்து நின்றபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எஸ்பிஎம் தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று 2009-இல் அறிவித்தார்கள். தமிழ்மொழிக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் அங்கே இடமில்லாமல் போகும் நிலை. இயக்கங்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று எல்லோரும் கூச்சல் போட்ட பிறகு பத்தோடு இரண்டு சேர்த்துப் பன்னிரண்டு என்று இறங்கி வந்தார்கள். 2019-இல் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலில் ஜாவி எழுத்துக்கலை ஆறு பக்கம் என்றார்கள். தமிழ், சீனப் பெற்றோரின் எதிர்ப்புக்குப் பிறகு அது மூன்று பக்கம் ஆனது, அதுவும் பெற்றோர் சம்மதித்தால் மட்டுமே என்றானது. அந்தச் சம்மதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜாவி நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். பெற்றோரைக் கேட்காமல் கலைத்திட்டத்தில் கை வைக்க முடியாது என்று அமைச்சே ஒப்புக்கொண்டதுதான் நமக்கு முக்கியம்.

ஆனால் சம்மதம் என்பது இருபுறமும் வெட்டும் கத்தி. 2016-இல் டிஎல்பி என்ற இருமொழித் திட்டம் வந்தபோது, அறிவியல், கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஒரு நிபந்தனையாக இருந்தது. தமிழ்ப்பள்ளிகள் சிலவும் அதில் சேர்ந்தன, சமுதாயத்தில் பெரும் சர்ச்சை கிளம்பியது. பிள்ளையின் பையில் ஒரு தாள் வருகிறது. இரவு வேலை முடிந்து வந்த தகப்பன் தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறான். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் பிறகு "பெற்றோரே கேட்டார்கள்" என்பார்கள். என் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகை ஒப்பந்தமானாலும் சரி, பள்ளிக்கூடத் தாளானாலும் சரி.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டபோது பல வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு. அதன் மறுபக்கத்தை யார் விளக்கினார்கள்? முன்பு மலாய்மொழித் தாளில் தேறாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்வு போன பிறகு அந்த இடத்துக்கு வகுப்புசார் மதிப்பீடு வந்தது. ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. பிள்ளைக்கு மலாய்மொழியில் எந்த நிலை என்று நான்காம் ஆண்டிலேயே கேட்டிருந்தால் இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்திருக்கும். ஆறாம் ஆண்டு முடிவில் தெரிந்துகொண்டு என்ன செய்வது? நம் பிள்ளைகள் பலர் இடைநிலைப்பள்ளியில் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஓர் இலட்சத்துக்கு மேல். இன்று 80,000-க்கும் கீழே. 150 மாணவர்களுக்கு மேல் இல்லாத பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறது அமைச்சு. அவற்றிலும் 30 பேரைத் தாண்டாத பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார். முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டம், இரண்டாம் ஆண்டுக்குப் பழையது, இரண்டும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையில்! புத்ராஜெயாவில் திட்டம் தீட்டுபவர் இந்த அறையைப் பார்த்திருப்பாரா?

ஆகவே பள்ளிக்கு ஆதரவு என்றால் நாற்காலி வாங்கிக் கொடுப்பது மட்டும் அல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். நான் போன ஒரு கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கு டீ-சட்டை என்ன நிறம் என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். கலைத்திட்டம் "இதர விவகாரங்கள்" என்பதில்கூட வரவில்லை. நீங்கள் எழுந்து கேளுங்கள். முதலாம் ஆண்டு ஆசிரியருக்குப் புதிய கலைத்திட்டத்தில் பயிற்சி கொடுத்தாயிற்றா, அது எத்தனை நாள்? தமிழிலான தர ஆவணமும் பாடநூலும் மலாய்ப் பதிப்போடு சேர்ந்தே வருமா, அல்லது மொழிபெயர்ப்பு பிறகு வரும் என்பார்களா? ஒருங்கிணைத்து நடத்தப்போகும் பாடங்கள் எந்த மொழியில்? இணைந்த வகுப்புக்குக் கூடுதல் ஆசிரியர் உண்டா? நம் பள்ளியில் பாலர் வகுப்பு இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை? பிள்ளை முதலில் எந்தப் பாலர் பள்ளியில் உட்காருகிறதோ, அந்த மொழிப் பள்ளிக்கே பிறகும் போகும் என்பது தாமானில் குடியிருக்கும் நமக்குத் தெரியாததா?

"பெற்றோர் பள்ளி நிர்வாகத்தில் தலையிடக்கூடாது" என்று யாராவது வாயை அடைக்கப் பார்ப்பார்கள். நிர்வாகத்தில் தலையிடக்கூடாது என்பது சரி. கேள்வி கேட்பது தலையீடு ஆகாது. தலைமையாசிரியரோடு சண்டைக்கும் போகாதீர்கள். அவரும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பவர்தான். அவரால் கேட்க முடியாததை நாம்தான் கேட்க முடியும்.

வேலை நாளில் கூட்டம் வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள். கூட்டத்தில் கிடைக்காத பதிலை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு மலாய்மொழியில் கடிதமாக எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். பத்துப் பெற்றோர் கையெழுத்து இருந்தால் நல்லது. இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு "தெரிமா" முத்திரை குத்தித் தரும்வரை முகப்பை விட்டு நகராதீர்கள்.