வானிலை அறிக்கையும் கடைச் சரக்கும்



"அடுத்த மூன்று மணி நேரத்தில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." இதைப் படித்துவிட்டுச் சிரிக்காத வியாபாரி நம்மில் குறைவு. நான்கு மாவட்டத்தைச் சொல்கிறார்கள், நம் தெருவில் ஒரு துளி விழவில்லை. ஒன்றும் சொல்லாத நாளில் கடைக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது என்பது நம் பேச்சு. நானும் அப்படிப் பேசியவன்தான். இப்போது என் எண்ணம் வேறு.

2021 டிசம்பர் 30. பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தது. காலையில் வெல்ல லோடு இறங்கியது. குடோனில் கட்டை போட்ட இடம் நிறைந்துவிட்டதால் மீதியைத் தரையிலேயே அட்டி போடச் சொன்னேன். அன்று பெருமழை வரும் என்று முன்கூட்டி எச்சரிக்கை இல்லை. பகலில் பிடித்த மழை இரவு வரை கொட்டியது. சென்னையில் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் பதிவானது. சிவப்பு எச்சரிக்கை வந்தபோது தெருவெல்லாம் ஏற்கனவே தண்ணீர். எனக்கு அடி வரிசைச் சிப்பங்கள் அத்தனையும் பாகாகிப் போயின.

குற்றம் வானிலைக்காரர்கள் மேல்தான் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். மழை பிடித்ததற்கும் குடோனுக்குள் தண்ணீர் நுழைந்ததற்கும் இடையே முழுதாக இரண்டு மணி நேரம் இருந்தது. ஆட்களும் இருந்தார்கள். நாங்கள் டீ குடித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்தோம். நஷ்டம் வந்தது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

புயல் வேறு, இடிமழை வேறு என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்தது. கடலில் உருவாகும்போதே செயற்கைக்கோளில் தெரியும். எங்கே வரும், எப்போது வரும் என்று சில நாள் முன்பே சொல்லிவிடலாம். இடிமேகம் அப்படியல்ல. சூடான ஈரக்காற்று மேலே எழும்பி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்வது. ஒரு மேகத்தின் பரப்பு சில கிலோமீட்டர். ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது. ஒரு மேகம் கரைய, அதே இடத்துக்கு அடுத்தடுத்து வேறு மேகங்கள் வந்தால்தான் வெள்ளம். மயிலாப்பூருக்கு மேலே எழும்புமா, பெரம்பூருக்கு மேலே எழும்புமா என்று முதல் நாளே சொல்ல எந்த நாட்டாராலும் இன்னும் முடியவில்லை. மேகம் திரண்ட பிறகு ரேடார் காட்டும். அதை வைத்துத்தான் இந்த மூன்று மணி நேர அறிவிப்பு. ஆகவே நாம் சிரித்துத் தள்ளுகிற அறிவிப்புதான் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது.

எச்சரிக்கையின் அளவையும் சரியாக அறிய வேண்டும். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதற்கு 'அதி கனமழை' என்று பெயர்.  2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அதுவும் அதி கனமழைதான், 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான். மேலும், 10 செ.மீ. மழை நாள் முழுதும் பெய்தால் கால்வாய் தாங்கிவிடலாம். இரண்டு மணி நேரத்தில் பெய்தால் தாங்காது. ஒரு கிரவுண்டு இடத்தில் 10 செ.மீ. மழை என்பது 22,000 லிட்டருக்கு மேல். ஏறக்குறைய இரண்டு லாரித் தண்ணீர். தெருவில் எத்தனை கிரவுண்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை மாவட்டத்துக்கு வருகிறது; தண்ணீர் கடைக்கு வருகிறது. இடையில் உள்ள தூரத்தை நாம்தான் கடக்க வேண்டும். என் யோசனைகள் இவை:

1. தெருவுக்கு ஒருவர் மழை அளக்கட்டும். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பாவை மொட்டை மாடியில் திறந்த இடத்தில் வைத்து, அடிக்கோலால் அளந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் 3 செ.மீ. ஏறினால் தெருவில் எல்லோருக்கும் போன் போக வேண்டும். அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது.

2. முன்பு தண்ணீர் ஏறிய அளவைக் குடோன் சுவரில் பெயிண்டால் குறித்து வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கோட்டுக்குக் கீழே எண்ணெய் டின் போன்ற தாங்கும் சரக்கு மட்டும் இருக்கட்டும்.

3. எதை முதலில் தூக்குவது என்று எழுதி ஒட்டுங்கள். உப்பு, சர்க்கரை, வெல்லம், மாவு முதலில். பிறகு பருப்பு, அரிசி. கணக்குப் புத்தகமும் கம்ப்யூட்டரும் எப்போதும் மேலேயே இருக்கட்டும். தண்ணீர் ஏறுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். சரக்கைவிட உயிர் பெரிது.

4. பாலிசியை எடுத்துப் பாருங்கள். தீ விபத்துக்குக் கட்டியிருக்கிறோம் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். வெள்ளச் சேதமும் அதில் சேர்ந்திருக்கிறதா, இப்போதுள்ள சரக்கின் மதிப்புக்குக் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நனைந்த பருப்பைக் காயவைத்து விற்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் நம்பிக்கை நனைந்துபோனால் அதை எந்த வெயிலிலும் காயவைக்க முடியாது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. கூடுதல் ரேடாரும் தானியங்கி மழைமானிகளும் வேண்டும். மாவட்ட வாரியாகச் சொல்வது போதாது. எந்த வட்டத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது வரை வணிகர் சங்கங்களுக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். இதைச் சங்கம் தீர்மானமாகவே நிறைவேற்றலாம்.

ஆனால் அது வரும் வரை நாம் கைகட்டி இருக்க முடியாது. மூன்று மணி நேரம் முன்னால் சொல்வது போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கட்டையும் ஆளும் தயாராக இருந்தால் ஒரு மணி நேரமே போதும். இல்லையென்றால் மூன்று நாள் முன்னால் சொன்னாலும் போதாது.