இரவில் அணியும் லென்ஸ்: பெற்றோர் கவனத்திற்கு



எய்ம்ஸ் மருத்துவர்கள் டெல்லிப் பள்ளிகளில் 9,884 பிள்ளைகளைப் பரிசோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. துவாரகாவின் அடுக்குமாடிகளில் வளரும் நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். ஆகவே, "இரவில் லென்ஸ் அணிந்து உறங்கினால் பகலில் கண்ணாடி வேண்டாமாமே?" என்று தாய்மார் கேட்பது இயல்பே.

'ஆர்த்தோ-கே' எனப்படும் இந்தக் கடின லென்ஸ், உறக்கத்தில் கருவிழியை மெல்லத் தட்டையாக்குகிறது. அணிவதை நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பார்வையே திரும்பும். இது நிரந்தர சுகமன்று. ஆயினும் நன்மை உண்டு. 2012-இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், கண்ணாடி அணிந்தோரைக் காட்டிலும் இதை அணிந்த பிள்ளைகளுக்குக் கண் நீளும் வேகம் இரண்டாண்டுகளில் 43 சதவீதம் குறைந்திருந்தது.

ஆபத்து யாது? கருவிழியில் கிருமித்தொற்று. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, 10,000 பிள்ளைகள் ஓராண்டு அணிந்தால் ஏறத்தாழ 14 பேருக்கு அது நேரிடும். அதே வீதம் நீடித்தால், எட்டாண்டுகளில் நூற்றில் ஒருவருக்கு! தழும்பு பார்வையை நிரந்தரமாகக் கெடுக்கவும் கூடும். கிழக்காசியாவில் முன்பு பல பிள்ளைகள் இவ்வாறு பாதிக்கப்பட்டபோது, லென்ஸைக் குழாய் நீரில் கழுவியதும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் அந்நீரில் வாழக்கூடியது.

எனவே மாடித் தொட்டி நீர், டேங்கர் நீர், ஆர்.ஓ. நீர் எதுவும் லென்ஸில் படலாகாது. மருத்துவர் கூறிய திரவத்தையே பயன்படுத்துங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்தபின் தொடுங்கள். பெட்டியை அடிக்கடி மாற்றுங்கள். ஊருக்குச் செல்லும் ரயிலில் சுத்தம் பேண இயலாதெனில் அவ்விரவுகளில் அணிவிக்காதேயுங்கள். கண்ணாடி கைவசம் இருக்கட்டும்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ லென்ஸை உடனே கழற்றி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். ஞாயிறு ஆராதனை வரை காத்திராதேயுங்கள். ஜெபித்துக்கொண்டே புறப்படுங்கள்; மருத்துவரிடம் செல்வது அவிசுவாசமன்று. லூக்காவும் வைத்தியனே.

இந்த ஒழுங்கை இரவுதோறும் காக்க இயலாத வீட்டிற்குக் கண்ணாடியே நலம். அதை அணிவது அவமானமன்று. பெண் பிள்ளைக்கும் அன்று. நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே விளையாடிய பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவென்றும் அந்த டெல்லி ஆய்வு கண்டது. மாலையில் அவர்களைப் பூங்காவுக்கு அனுப்புங்கள்.

பெத்சாயிதாவில் குருடனுடைய கண்களை ஆண்டவர் இரண்டு முறை தொட்டார். பொறுமையாய்ப் பார்வை தந்த அவர், நம் பிள்ளைகளின் கண்களைக் காக்க நமக்கும் பொறுமையையும் ஞானத்தையும் தருவாராக. ஆமென்.