ஏசி மண்டபமும் எங்க கட்டுத்தரையும்

போன ஐப்பசியில் சொந்தத்துல ஒரு கல்யாணம். பக்கத்து டவுனில் புதுசாக் கட்டின ஏசி மண்டபம். வெளியே மழை பெஞ்சு ஊரே குளிர்ந்து கிடக்குது, உள்ளே ஏசி ஓடுது. ஐந்நூறு பேர் இருப்போம். ஜன்னல் எல்லாம் அடைச்சு, அதுக்கு மேலே திரை வேற.

எங்களுக்குப் பின் வரிசையில் ஒருத்தர் முகூர்த்தம் முடியற வரைக்கும் இருமிக்கிட்டே இருந்தார். மேனேஜர்கிட்டப் போய், "ஏனுங்க, ரெண்டு ஜன்னலைத் திறந்து விடலாமுங்களா?"ன்னு கேட்டேன். "திறந்தா ஏசி வெளிய போயிருமுங்க" என்றார். கல்யாண வீட்டுல எதுக்கு வம்புன்னு நானும் வந்து உக்காந்துட்டேன்.

மூணாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், இருமல். 76 வயசு. சளி நெஞ்சுக்கு இறங்கி ஆறு நாள் ஆஸ்பத்திரி. அங்கேதான் தொத்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அன்னைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாமேங்கிற உறுத்தல் இன்னும் போகலை.

மருந்து அடிக்கிறவனுக்கு இந்த விஷயம் சுலபமாப் புரியும். நாசில்ல பெரிய துளியா வந்தா மருந்து பக்கத்திலேயே விழுந்துடும். பொடிப்பொடியா வந்தா காத்துல மிதந்து அடுத்த காட்டுக்கே போயிடும். களைக்கொல்லி அப்படிப் போனா பக்கத்துக் காட்டுப் பருத்தி இலையெல்லாம் சுருண்டுக்கும். நம்ம வாயும் ஒரு ஸ்பிரேயர்தான். இருமும்போது, தும்மும்போது, சத்தமாப் பேசும்போதுகூடத் துளி தெறிக்குது. பெரிய துளி ஒண்ணு ரெண்டு மீட்டருக்குள்ள கீழே விழும். பொடித்துளி அடைச்ச அறையில மணிக்கணக்கா மிதக்கும். வெட்டவெளின்னா காத்து அதைக் கலைச்சு விட்டுடும். நம்ம வீட்டு ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ளே எடுக்கறதே இல்லை. உள்ளே இருக்கிற காத்தைத்தான் குளிராக்கித் திரும்பத் திரும்ப விடுது.

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து ஓட்டல் ஒன்றில், ஜன்னல் இல்லாத ஏசி தளத்தில் மூணு குடும்பம் பக்கத்துப் பக்கத்து மேசையில் சாப்பிட்டது. ஒருத்தருக்குக் கொரோனா இருந்தது. அந்த மூணு குடும்பத்திலும் சேர்த்து 10 பேருக்குத் தொற்று. ஏசி காத்து அந்த மேசைகளுக்கு இடையிலேயே சுத்தினதுதான் காரணம்னு ஆராய்ஞ்சவங்க சொன்னாங்க.

காசநோயும் காத்து வழியாத்தான் பரவுது. நாம என்ன பண்றோம்? நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சு மனசை நோகடிக்கிறோம். அவர் படுத்திருக்கிற அறை ஜன்னலை மட்டும் சாத்தி வெக்கிறோம்.

எங்க அப்பாரு கட்டின கட்டுத்தரைக்குச் சுவர் இடுப்பு உயரம்தான். அதுக்கு மேலே கூரை வரைக்கும் திறப்பு. மாட்டுக்குக் குடுத்த காத்தை மனுசனுக்கு நாம குடுக்க மாட்டேங்கிறோமே!

டவுனில் தூசி, கொசு, இரைச்சல் இருக்குங்கிறது தெரியும். கொசுவலை அடிங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. ஆபீஸ், டியூஷன் சென்டர், கிளினிக்கில் எதிரும் புதிருமா ரெண்டு ஜன்னலையாவது திறந்து வெக்கச் சொல்லுங்க. இருமல் இருந்தா மாஸ்க் போட்டுக்குங்க, இல்லைன்னா விசேஷத்துக்கு வராதீங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

வர்ற தையில் இன்னொரு கல்யாணம் இருக்கு, அதே மண்டபம். இந்தத் தடவை கேட்டுட்டுத் திரும்பி வர மாட்டேன். ஏசி வெளிய போனா கரண்டு பில்லுதானே ஏறும்?