கிளவுட் பத்திரம்தான், சாவி யாரிடம்?

வேங்கிக்காலில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, மூலதன ஆதாய வரி எவ்வளவு வரும் என்று கேட்க ஒரு தம்பி என் ஆபீசுக்கு வந்திருந்தார். பெங்களூரில் ஐடி வேலை. 2017-ல் வெறும் தரைத்தளமாக வாங்கிய வீடு. 2019-ல் மேலே ஒரு மாடி எடுத்திருக்கிறார். மாடிக்கு மட்டும் 9 லட்சம் செலவு.

"பில்லெல்லாம் இருக்கா?" என்றேன்.

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கிளவுட்ல போட்டுட்டேன் சார். ஒரு துண்டுச் சீட்டு விடல."

சந்தோஷமாக லேப்டாப்பைத் திறந்தார். அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது. அந்த கிளவுட் பழைய கம்பெனி கொடுத்தது. 1 டிபி இடம் சும்மா கிடக்கிறதே என்று சொந்த பில்களையும் அதிலேயே போட்டிருக்கிறார். வேலையை விட்ட கடைசி நாள் சாயங்காலம் ஐடி-யை மூடிவிட்டார்கள். அது நடந்து மூன்று வருஷம். காகித பில்கள்? ஸ்கேன்தான் இருக்கிறதே என்று எடைக்குப் போட்டாச்சு.

வங்கி வழியாகப் போன 4 லட்சத்தை ஸ்டேட்மெண்ட்டில் தேடி எடுத்தோம். மீதி 5 லட்சம் மணல், கம்பி, கொத்தனார் கூலி என்று ரொக்கமாகப் போனது. ஆதாரம் பூஜ்யம். வேல்யூவரை வைத்து மதிப்பீடு வாங்கலாம் என்று யோசித்தேன். வீட்டை வாங்கியவர் அதற்குள் மாடியை இடித்து வேறு மாதிரி கட்ட ஆரம்பித்துவிட்டார். 5 லட்சத்துக்கு 12.5% என்றால் 62,500. அதன்மேல் 4% செஸ் 2,500. ஆக 65,000 ரூபாய் கூடுதல் வரி. (2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் இண்டெக்சேஷனோடு 20% கணக்கும் போட்டுப் பார்த்தோம். 12.5 தான் குறைவாக வந்தது. எந்த வழியில் போனாலும் செலவுக்கு ஆதாரம் வேண்டும்.)

"கிளவுட்ல போட்டா தொலையாதுன்னுதானே சார் சொன்னாங்க?" என்று கேட்டார். தொலையவில்லை. அவர் வேலையை விட்ட அன்று அந்த ஃபைல்கள் அங்கேதான் இருந்திருக்கும். சாவி மட்டும் அவரிடம் இல்லை.

சம்பளம் வாங்கும் உங்களில் பாதிப் பேருக்காவது இதே நிலைமை இருக்கும் என்று நினைக்கிறேன். பேஸ்லிப் ஆபீஸ் போர்ட்டலில். ஃபார்ம் 16 ஆபீஸ் மெயிலில். கம்பெனி பங்குகள் கொடுத்திருந்தால் அந்த புரோக்கர் கணக்கின் லாகினும் ஆபீஸ் மெயில்தான். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். பங்கு உங்கள் கைக்கு வந்த அன்று அதன் மதிப்பைச் சம்பளமாகக் காட்டி வரி பிடித்திருப்பார்கள். நாளை விற்கும்போது அந்த மதிப்புதான் உங்கள் கொள்முதல் விலை. அந்த ஸ்டேட்மெண்ட் இல்லாவிட்டால், ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு மறுபடி வரி கட்ட வேண்டி வரும்.

எல்லாவற்றையும் சேமிக்கச் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். பல விஷயங்களை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். டிடிஎஸ் விவரம் 26ஏஎஸ்-ல் இருக்கிறது. பிஎஃப் கணக்கு யுஏஎன்-ல் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுக்கு ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்ட் கேட்டால் மெயிலில் வந்துவிடும். கிரயப் பத்திரம் போனால்கூட சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அரசோ நிறுவனமோ ஒரு பிரதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவ்வளவு எளிதில் திரும்பக் கிடைக்காதவை எவை? வீட்டு வேலை பில்கள், பழைய கம்பெனியின் பேஸ்லிப், லீவ் என்காஷ்மென்ட் கணக்கு, நண்பருக்குக் கொடுத்த கடனுக்கு எழுதி வாங்கிய சீட்டு, ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தபோது என்னென்ன நோய் இருக்கிறது என்று நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவம். பேக்கப் இவற்றுக்குத்தான் அவசியம். எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் 2 ஜிபி தாண்டாது.

சரி, சொந்த ஜிமெயில் கணக்கில் போட்டால் போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து.

தென்கொரிய அரசு தன் ஊழியர்களுக்கு 'ஜி-டிரைவ்' என்று ஒரு கிளவுட் வைத்திருந்தது. ஆளுக்கு 30 ஜிபி. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் இருந்து தீப்பிடித்தது. ஜி-டிரைவில் இருந்த 858 டிபி அப்படியே போனது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே ஒரு பிரதி எடுத்துவைக்கவில்லை. அரசுப் பணியாளர் அமைச்சகத்தில், அலுவலக ஃபைல்களை ஜி-டிரைவில் மட்டுமே வைக்க வேண்டும் என்று விதி. சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் அதிக நஷ்டம்.

இன்னொரு கதை ஆஸ்திரேலியாவில். யூனிசூப்பர் என்பது நம்ம பிஎஃப் மாதிரி ஒரு ஓய்வூதிய ஃபண்ட், 6 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். 2024 மே மாதம் அதன் கூகுள் கிளவுட் அமைப்பு மொத்தமாக அழிந்துவிட்டது. ஹேக்கர் யாரும் இல்லை. அதை நிறுவியபோது கூகுள் பக்கத்தில் ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். அதனால் ஒரு வருஷத்தோடு தானாக அழிகிற மாதிரி அது அமைந்துவிட்டது. உறுப்பினர்கள் ஒரு வாரம் போலத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. பணம் பத்திரமாக இருந்தது. யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது, மீண்டு வர அது கைகொடுத்தது.

கொரியாவில் இல்லாத அந்த 'வேறொரு இடம்' ஆஸ்திரேலியாவில் இருந்தது. நமக்கு வேண்டியதும் அதுவே.

நம்மில் பலர் பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் சிங்க். போனில் அழித்தால் டிரைவிலும் அழியும், லேப்டாப்பிலும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் காலி. இரண்டு வருஷம் எட்டியே பார்க்காத கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதியையே மாற்றியது. அப்பா அம்மா பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அவர்கள் ஆவணங்களைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறீர்களா? இன்றைக்கு ஒருமுறை உள்ளே போய் வாருங்கள்.

டிஜிலாக்கர் இருக்கிறதே என்பீர்கள். நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அரசு நேரடியாக வழங்கும் ஆதார், பான், லைசென்ஸ் போன்றவைதான் அங்கே அசலுக்குச் சமம். நீங்களாக ஏற்றும் சிமெண்ட் பில் அங்கேயும் வெறும் ஸ்கேன்தான்.

இன்னொரு பூட்டு ஓடிபி. எங்க ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் போனைத் தொலைத்தவர்களின் கதை நிறைய கேட்கலாம். 14 கிலோமீட்டர் கிரிவலக் கூட்டத்தில் ஒரு போன் நழுவுவது பெரிய விஷயமில்லை. அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் விஷயம். காலேஜ் படிக்கும்போது மாமா பெயரில் வாங்கிய சிம் என்றால், டூப்ளிகேட் சிம்முக்கு மாமாதான் வர வேண்டும். அதுவரை ஓடிபி இல்லை, டிரைவும் இல்லை. கூகுள் கணக்கின் செட்டிங்கில் 10 பேக்கப் கோடுகள் கிடைக்கும். அதை பிரிண்ட் எடுத்து பர்சில் வைக்காமல் பீரோவில் வையுங்கள்.

அப்போ பழையபடி காகிதமே மேலா? அதுவும் இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதே வாரம், தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்த வீடுகளில் இருந்து, நனைந்த பத்திரத்தை ஃபேனுக்குக் கீழே காயவைத்தபடி எனக்குப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, போன சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு தனியாக முகாம் நடத்த வேண்டியிருந்தது.

கல்லில் வெட்டினால்கூடப் போதாது என்று நம்ம ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. கும்பகோணம் பக்கம் திருக்கோடிக்காவல் கோயிலை செம்பியன் மாதேவி கற்றளியாக மாற்றியபோது, பழைய கல்வெட்டுகளை நகலெடுத்துப் புதிய சுவரில் வெட்டவைத்தார். 'பழங்கற்படி' என்று குறிப்பும் எழுதிவைத்தார்கள். இது எதற்கு எடுத்த நகல் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. நாமோ ஃபைலுக்கு 'ஸ்கேன்0047' என்று பெயர் வைக்கிறோம்.

நான் செய்வது இது. ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் போட்ட கையோடு, அந்த வருஷத்து ஃபைல்களை 'வீடு', 'சம்பளம்', 'இன்சூரன்ஸ்' என்று பிரித்துப் பெயர் வைக்கிறேன். ஒரு பிரதி சொந்த கிளவுட்டில். இன்னொன்று பாஸ்வேர்டு போட்ட ஹார்ட் டிஸ்க்கில். ஆதாரும் பானும் அதில் இருப்பதால் பாஸ்வேர்டு கட்டாயம். அது என்ன என்று என் மனைவிக்கும் தெரியும். அந்த ஹார்ட் டிஸ்க் என் வீட்டில் இல்லை, போளூரில் மாமனார் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆகஸ்டில் போகும்போது புதிய ஃபைல்களை ஏற்றிவிட்டு, பழையதில் ஏதாவது நாலைந்தைத் திறந்தும் பார்ப்பேன். போன வருஷம் அப்படிப் பார்த்தபோது 2021 ஃபோல்டரில் இரண்டு பிடிஎஃப் திறக்கவே இல்லை. கிளவுட்டில் இருந்த பிரதி திறந்தது, மாற்றிவைத்தேன். மாமியார் அந்த ஹார்ட் டிஸ்க்கை நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "அப்படி என்ன மாப்ள இருக்கு இதுல?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார்.