ஓட்டுநர் இறங்கிய பிறகுதான் இதற்கு வேலை!

‘டர்ர்ர்க்’ என்று ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் சத்தம் இப்போது குறைந்துவருகிறது. பல புதிய கார்களில் அந்த லிவர் இருந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் மட்டும்தான். விரலால் தூக்கினால், பின்சக்கரப் பக்கமிருந்து ‘உய்ங்’ என்று ஒரு முனகல். பிரேக் பிடித்துவிட்டது. இதுதான் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். 2001-ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் போன்ற சொகுசு கார்களில் தலைகாட்டியது, இன்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களுக்கும் வந்துவிட்டது.

பிரேக் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இன்டர்ன்ஷிப் போகும் இன்ஜினீயரிங் மாணவருக்கு இதன் அமைப்பு ஒரே நாளில் புரிந்துவிடும். பின்சக்கர பிரேக்கின் காலிப்பரில் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார். அதன் வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டப் பல்சக்கரங்கள். அவை திருகைச் சுழற்ற, திருகு பிஸ்டனைத் தள்ள, பிரேக் பேடு டிஸ்க்கை இறுகப் பிடிக்கிறது. கரன்ட் நின்றாலும் திருகு தானாகப் பின்னால் சுழலாது. அதனால் இரவு முழுக்கப் பிடித்திருந்தாலும் பேட்டரி செலவாவதில்லை.

ஒரே நாளில் புரிவதை ஏன் மாதக்கணக்கில் சோதிக்கிறார்கள்? கால் பிரேக்கை அழுத்தும்போது ஓட்டுநர் சீட்டில் இருக்கிறார். பிடிப்பு போதவில்லை என்றால் இன்னும் அழுத்துவார். பார்க்கிங் பிரேக்குக்கோ, அவர் இறங்கிப்போன பிறகுதான் வேலையே. அந்த நேரத்தில் காருக்குப் பின்னால் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம்.

முழுச் சுமையோடு இருக்கும் காரை 20 சதவீதச் சரிவில் இந்த பிரேக் நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் வாகன விதிமுறை 13-ஹெச். 100 மீட்டர் போனால் 20 மீட்டர் உயரும் சாலை அது. 1,500 கிலோ கார் அங்கே நின்றால், சுமார் 300 கிலோ எடையைக் கட்டி இழுப்பதுபோல கீழ்நோக்கி இழுக்கும்.

வெப்பம் இன்னொரு சிக்கல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினால் டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது இறுக்கிய பிடி, டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது தளரும். அதனால்தான் பல கார்களில் சில நிமிடங்கள் கழித்து மோட்டார் தானாகவே இன்னொரு முறை இறுக்கிக்கொள்கிறது. பூட்டிய காரிலிருந்து ‘உய்ங்’ சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

மாணவரின் மேஜைக்கு வருபவை இத்தகைய கேள்விகள்தான். பேட்டரி இறங்கியிருந்தால் முழுப் பிடி கிடைக்குமா? ஒரு வயர் அறுந்தால்? கார் ஓடும்போது யாராவது ஸ்விட்சைத் தூக்கிவிட்டால்? என்ன கோளாறு, எவ்வளவு ஆபத்து, முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றையும் அட்டவணை போட வேண்டும். இதற்கு எஃப்.எம்.இ.ஏ என்று பெயர். பிறகு இறுக்கு, தளர்த்து, அளவெடு, எக்ஸெல்லில் ஏற்று என்று நாள் முழுக்க ஒரே வேலை. சலிப்பு தட்டும். ஆனால் 499 முறை சரியாகப் பிடித்து, ஒரே ஒரு முறை தளர்ந்தது என்றால்? சராசரி எடுத்தால் அந்த ஒன்று காணாமல் போய்விடும். ‘மெஷின் கோளாறு’ என்று ஒதுக்காமல், அதைக் குறித்துவைத்துக் கேள்வி கேட்கத் தெரிந்த மாணவருக்கு, சர்ட்டிஃபிகேட்டைவிடப் பெரிய லாபம் கிடைத்துவிட்டது.

கார் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் இந்த பிரேக்கை விடுவிக்க முடியாமல் போகலாம். பின்சக்கர பிரேக் பேடு மாற்றும்போது, முதலில் ‘சர்வீஸ் மோடு’க்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் திருகும் மோட்டாரும் கெட்டுவிடும். சரிவில் நிறுத்தினால் கியரிலும் போட்டுவையுங்கள். ஸ்விட்சைத் தூக்கியதோடு நிற்காமல், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.