சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

‘எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.’ பதின்பருவப் பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்ட வீட்டில் இந்த வாக்கியம் தவறாமல் கேட்கும். அதைச் சொல்லி அழும் தாயோடு எனக்குச் சண்டை இல்லை. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் மற்ற எல்லாரோடும்தான் சண்டை. சரி, சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

நமக்குத் தெரியாதா என்ன? போன் பறிபோகும். டியூஷன் நிற்கும். தம்பி காவலுக்கு வருவான். பெரியம்மா வரைக்கும் சேதி போகும். கொஞ்சம் பெரிய விஷயமென்றால் ஜாதகத்தை வெளியே எடுப்பார்கள். எவனோ ஒருத்தன் படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று அவள் வந்து நின்றால், முதல் கேள்வியே ‘நீ ஏன்டி அனுப்பின?’தான். இத்தனையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதினாறு வயதுப் பெண் வாயை மூடிக்கொள்கிறாள்.

அவள் வயதுக்கு வந்தபோது தெருமுனையில் ப்ளெக்ஸ் வைத்தோம், மொய் எழுதினோம். அதோடு அப்பா அவளிடம் நேராகப் பேசுவதும் பல வீடுகளில் முடிந்துபோனது. அப்புறம் எல்லாம் அம்மா வழியாகத்தான். ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு.’ அம்மாவின் சொந்த அஸ்திரம் இன்னொன்று இருக்கிறது: ‘நீ மட்டும் இப்படிப் பண்ணின, அப்புறம் நான் உயிரோடவே இருக்க மாட்டேன்.’ மதிப்பெண்ணுக்கும் இதேதான், காதலுக்கும் இதேதான், சில சமயம் சுடிதாருக்கு ஷால் போடாததற்கும் இதேதான். நம் சினிமா அம்மாக்கள் இதைச் சொல்லியே எத்தனை கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறார்கள்! சாவைச் சொன்னால்தான் இந்த வீட்டில் காது கேட்கும் என்று பிள்ளைக்குப் பாடம் எடுத்ததே நாம்தான். அதே வார்த்தையை அவள் சொன்னால் மட்டும் ‘நடிக்கிறா’.

மறுநாள் செய்தித்தாளில் ‘தாய் திட்டியதால் மாணவி தற்கொலை’ என்று நான்கு வரி வரும். உடனே, ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தாங்குற சக்தியே இல்ல.’ ஒரு திட்டில் யாரும் சாவதில்லை. அதற்குப் பின்னால் பல மாத உறக்கமின்மை இருக்கலாம், சிகிச்சை பெறாத மனச்சோர்வு இருக்கலாம், சொந்தக்காரன் ஒருவனின் கை இருக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், எல்லா வயதினரையும் சேர்த்து, தற்கொலைக்கான காரணங்களில் முதலிடம் ‘குடும்பப் பிரச்சினைகள்’; 31.7 சதவீதம். எதைப் போட்டாலும் கொள்கிற கோணிப்பை அது. உள்ளே என்ன இருந்தது என்று அவிழ்த்துப் பார்க்க எந்தக் குடும்பமும் விரும்பாது.

இப்போது புதிதாக ஒரு பெற்றோர் கூட்டம் கிளம்பியிருக்கிறது. ‘எங்களுக்குப் பயமா இருக்கு, நாங்க எதுவுமே கேக்கறதில்ல.’ இது முன்னதைவிட மோசம். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது மூடநம்பிக்கை. உலக சுகாதார நிறுவனமே பலமுறை மறுத்தது. நேராகவே கேட்கலாம்: ‘செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?’ ஆமாம் என்றால் அழுது ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது, சாமியாடியிடம் கூட்டிப் போகக் கூடாது. அந்த நெருக்கடி நேரம் கடந்துபோகக்கூடியது. அது கடக்கும்வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அன்றிரவு அவளைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இரண்டும் இலவசம். பெண்ணே நேரடியாகவும் அழைக்கலாம். காலையில் மனநல மருத்துவரிடம் போங்கள். போனை மட்டும் பிடுங்காதீர்கள். அவளுடைய ஒரே தோழி அதில்தான் இருக்கிறாள்.